ஹாலிஎலவில் ஓர் அறைக்கு வெளிச்சம்

ஹாலிஎலவில் வாழும் என் பழைய நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்தார். கடைத்தெருவுக்குப் பின்னால் அவருடைய தந்தையார் காலத்து அறை ஒன்று வெறுமையாகக் கிடக்கிறது. அதை வாடகைக்கு விட விரும்புகிறார். ஆனால் பார்க்க வந்த இருவரும் வாசலோடு திரும்பிப் போய்விட்டார்கள். "உள்ளே பகலிலும் இருட்டு. பெரிதாகச் செலவழிக்க என்னிடம் பணம் இல்லை. என்ன செய்யலாம்?" என்பது அவருடைய கேள்வி.

பத்திரிகைக்காரனிடம் கேட்கக்கூடிய கேள்விதானா இது என்று வாசகர்கள் எண்ணக்கூடும். எனினும், அடுத்த முறை மலைநாட்டுப் பக்கம் சென்றபோது ஹாலிஎலவில் இறங்கி அந்த அறையைப் பார்த்தேன். பழைய ஓட்டுக் கூரை. இடுப்பளவு உயரத்துக்குக் கரும்பச்சை எண்ணெய் வர்ணம். அதற்கு மேலே புகை படிந்த மஞ்சள். பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி ஒரேயொரு சிறிய யன்னல்.

உள்ளே நின்றபோது எனக்கு நினைவு வந்தது வேறோர் அறை. இதே ஊரைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் நூறாண்டுகளுக்கும் மேலாக நிற்கும் லயக் காம்பரா. அந்த அறையில் ஏன் வெளிச்சம் இல்லை என்ற கேள்விக்கு விடை தேடினால், மலையகத்தின் வரலாறே அதற்குள் அடங்கியிருப்பது தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஊவா மலைகளில் கோப்பி பயிரிடப்பட்ட காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் பருவ காலத்துக்கு வந்து திரும்பியவர்கள். அவர்களுக்கெனக் கட்டப்பட்டவை தற்காலிகக் கொட்டில்கள்: மண்ணும் கம்பும் சேர்ந்த சுவர்கள், மேலே மானாப்புல். 1869 இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. எனவே தொழிலாளர் குடும்பமாகத் தோட்டத்திலேயே தங்க நேர்ந்தது. பருவத்துக்கு வந்தவர் நிரந்தரமானார். ஆனால் அவருக்குக் கொடுக்கப்பட்ட இருப்பிடத்தின் அமைப்பு மட்டும் படைமுகாமின் அமைப்பாகவே நிலைத்தது.

லயம் என்பது நீண்ட ஒரே கட்டடம். அதைக் குறுக்குச் சுவர்களால் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு குடும்பத்துக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு எனப்படும் ஒடுக்கமான திண்ணை. இவற்றில் மோசமானது இரட்டை லயம். இரண்டு வரிசைக் காம்பராக்கள் ஒரே நடுச்சுவரில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். பின்சுவர் அடுத்த குடும்பத்துக்குப் பின்சுவர்; பக்கச் சுவர்களும் அப்படியே. ஆகவே வெளியுலகைப் பார்க்கும் சுவர் ஒன்றே ஒன்றுதான். அதிலும் வாசல் போக மிஞ்சிய இடத்தை இஸ்தோப்பின் தாழ்ந்த கூரை மறைத்துவிடும். இதில் வெளிச்சம் எங்கிருந்து வரும்? உள்ளேயே அடுப்பு எரிந்தால், சில ஆண்டுகளில் சுவரும் கூரையும் கருங்கல்லின் நிறத்துக்கு மாறிவிடும்.

இதை அறியாமையால் நேர்ந்த பிழை என்று சொல்ல முடியாது. துரைமார் புறப்பட்டு வந்த நாட்டில் இந்த விவாதம் பழையது. இங்கிலாந்தில் 1696 இல் வீட்டு யன்னல்களுக்கு வரி விதிக்கப்பட்டது. வரிக்கு அஞ்சி மக்கள் யன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஒளிக்கும் காற்றுக்கும் வரியா என்று எழுந்த எதிர்ப்பினால் 1851 இல் அது நீக்கப்பட்டது. 1859 இல் வெளிவந்த தமது தாதியியல் நூலில், தூய காற்றுக்கு அடுத்தபடியாக நோயாளிக்குத் தேவையானது வெளிச்சமே என்று புளோரன்ஸ் நைட்டிங்கேல் வலியுறுத்தினார். லீட்ஸ், பர்மிங்ஹாம் போன்ற தொழில் நகரங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. நம் இரட்டை லயங்களின் உடன்பிறப்புகள் அவை. அத்தகைய வீடுகளைப் புதிதாகக் கட்டுவதை 1909 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் தடை செய்தது. தம் நாட்டில் எது ஆகாது என்று தெரிந்த பின்னரும், மலைநாட்டில் நின்ற இரட்டை லயங்களை எவரும் அகற்றவில்லை. பல தோட்டங்களில் அவற்றில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள்.

சட்டம் அறவே எட்டிப் பார்க்கவில்லை என்பதில்லை. 1912 இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவை, நோய்த்தடுப்பு ஆகியவை பற்றிய சட்டங்கள் வந்தன. லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமையாயிற்று. நடைமுறையில் மக்கள் கண்டது சுண்ணாம்புதான்.

சுண்ணாம்பை மலிவான பூச்சு என்று இகழ வேண்டியதில்லை. நீற்றிய சுண்ணாம்பு கடுங்காரமானது, கிருமிகளுக்கு ஆகாது. சுவரில் பூசியதும் காற்றிலுள்ள கரியமிலவாயுவோடு சேர்ந்து மெல்ல மெல்ல மறுபடியும் கல்லாக இறுகும். தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். தீபாவளிக்கு முன்னர் லயத்துப் பெண்கள் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது நீலமும் கலந்து சுவருக்கு அடிப்பார்கள். நீலம் சேர்ந்தால் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும். சில வாரங்களுக்குக் காம்பரா பளிச்சென்றிருக்கும். பிறகு அடுப்புப் புகை தன் வேலையைத் தொடங்கிவிடும்.

மற்றொரு வழி பத்திரிகைத்தாள். 1930 இல் வீரகேசரியும் 1932 இல் தினகரனும் தொடங்கப்பட்டன. அந்தத் தாள்கள் வாசித்து முடிந்த பின்னர் தோட்டங்களில் இரண்டாம் பிறவி எடுத்தன. கோதுமை மாப் பசையில் ஒட்டினால் கரிபிடித்த சுவர் மறையும், குளிர்காற்று குறையும், அறையும் கொஞ்சம் வெளுக்கும். இளம் நிருபராக ஹாலிஎலவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தபோது, காம்பராச் சுவரில் நான் எழுதிய செய்தியொன்றைத் தலைகீழாகக் கண்டேன். அந்த வீட்டு மூதாட்டி சிரித்துவிட்டு, "எங்களுக்கு எழுத்து தெரியாதுங்க ஐயா. வெளிச்சத்துக்குத்தான் ஒட்டினோம்" என்றார். எழுத்தால் நாட்டுக்கு வெளிச்சம் தருகிறோம் என்று அக்காலத்தில் மேடைகளில் பேசிக்கொண்டிருந்தவன் நான். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னர் அப்படிப் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

இரவு வெளிச்சம் தனிக்கதை. வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட குப்பி விளக்கு எளிதில் சரிந்து தீப்பற்றும். இலங்கை முழுவதும் ஏழைகளின் வீடுகளில் நேர்ந்த இந்த விபத்துகளைக் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, உயரம் குறைந்த, கனமான, இருபுறமும் தட்டையான, திருகுமூடியுள்ள விளக்கொன்றை வடிவமைத்தார். கவிழ்ந்தாலும் உருளாது, எண்ணெயும் சிந்தாது. 'சுதீபா' எனப்பட்ட அந்த விளக்குக்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இன்று பெரும்பாலான லயங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் மின்குமிழ் இரவை வெல்லுமே தவிர, சுவரில் யன்னல் திறக்காது.

யன்னல் திறக்காததற்குக் காரணம் பணம் மட்டுமன்று. லயத்தில் இருப்பவர் வீட்டின் சொந்தக்காரர் அல்லர்; வாடகைக்காரரும் அல்லர். வேலையோடு ஒட்டிக் கிடைத்த இடம் அது. சுவரில் துளையிட வேண்டுமானாலும், பின்னால் ஒரு குசினி இறக்க வேண்டுமானாலும் துரையின் அனுமதி தேவை. 1947 பொதுத்தேர்தலில் பதுளையில் எஸ். எம். சுப்பையா உட்பட இலங்கை இந்தியன் காங்கிரஸின் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றார்கள். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது; வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எந்த நாட்டில் இருக்கப்போகிறோம் என்பதே தெரியாத குடும்பம் எந்தச் சுவரில் யன்னல் வைக்கும்? அன்றைய ஏழு உறுப்பினர்களில் ஒருவரான சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை.

1970களின் நடுப்பகுதிக்குள் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. லயம் லயமாகவே இருந்தது. 2014 அக்டோபர் 29 அன்று, இதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்த பின்னரே, தொழிலாளரின் வீட்டுரிமை பற்றி நாடு சற்று உரக்கப் பேசியது. ஏழு பேர்ச்சஸ் நிலம், தனி வீடு என்ற பேச்சு வலுத்தது. இந்திய உதவியோடு முதலில் 4,000 வீடுகள், பின்னர் 2017 இல் மேலும் 10,000 வீடுகள் என அறிவிப்புகள் வந்தன. 550 சதுர அடி கொண்ட அந்த வீடுகளுக்கு நான்கு பக்கமும் வெளி உண்டு. வீடு கிடைத்தவர்கள் ஒரு பங்கினர். காத்திருப்பவர்கள் இன்னும் பெரும் பங்கினர்.

நண்பரின் அறைக்கு வருகிறேன். கரும்பச்சை எண்ணெய் வர்ணத்தின்மேல் சுண்ணாம்பு ஒட்டாது. முதலில் அதைச் சுரண்டி எடுக்கச் சொன்னேன். சுவரை நனைத்து, மெல்லிய பூச்சாக மூன்று முறை வெள்ளை. கூரையில் நான்கு ஓடுகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கண்ணாடி ஓடுகள். யன்னலுக்கு எதிரே தெரியும் பக்கத்துச் சுவர் அவருடையதே என்பதால் அதற்கும் வெள்ளை. தரையைத் தேய்த்துக் கழுவ ஒரு நாள். சுவரைச் சுரண்டும் வேலையை அவரும் மகனும் செய்துகொண்டதால், பெரிய செலவு கண்ணாடி ஓட்டோடு முடிந்தது.

இந்த வேலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது எனக்கொன்று உறைத்தது. நண்பர் வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்பட்டதற்குக் காரணம், பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று திரும்பிப் போனதுதான். வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் வாசலில் நின்றால், சொந்தக்காரருக்கு யன்னல் ஞாபகம் வரும். லயத்தில் இருந்தவரோ நூற்றைம்பது ஆண்டுகளாக அப்படிச் சொல்ல முடியாதவராக இருந்தார். காம்பராவின் இருட்டுக்குக் கட்டடக்கலையைவிட இதுவே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

போன வாரம் நண்பர் மறுபடியும் அழைத்தார். அறை வாடகைக்குப் போய்விட்டதாம். பதுளையில் வேலை கிடைத்த ஓர் இளம்பெண் எடுத்திருக்கிறாள். அருகிலுள்ள தோட்டமொன்றில் பிறந்தவள். பார்க்க வந்த அன்று தாயாரும் கூட வந்திருந்தார். அந்த அம்மா வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், அறையின் நடுவில் நின்று கண்ணாடி ஓட்டின் வழியாக விழுந்த வெயிலில் தன் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாராம்.