ஆட்டுக்குடலும் சிறுவனின் உடலும்

பழைய இசையை அது பிறந்த காலத்தில் ஒலித்தபடியே வாசிப்பது ஐரோப்பாவில் பட்டம் தருகிற படிப்பு. 1933இல் பால் ஸாஹர் பாசல் நகரில் தொடங்கிய 'ஸ்கோலா கன்டோரம்' இதன் முன்னோடிகளில் ஒன்று. இன்று அது பல்கலைக்கழக அமைப்பின் அங்கம். இத்தகைய படிப்பில் ஆட்டுக்குடல் தந்தி பூட்டிய வயலினில் பழகுகிறார்கள். புல்லாங்குழல் பற்றி க்வான்ட்ஸ் 1752இல் எழுதியதையும் வயலின் பற்றி லியோபோல்ட் மொஸார்ட் 1756இல் எழுதியதையும் பிரதிகளாக வாசிக்கிறார்கள். அதெல்லாம் சரிதான். யார் தேர்ந்தெடுத்த வரலாறு இது என்பதே என் கேள்வி.

சுருதியையே எடுத்துக்கொள்வோம். பரோக் இசைக்கு 'ஏ' ஸ்வரம் 415 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலோ ஊருக்கு ஒரு சுருதி. ஒரே ஊரில்கூட தேவாலய ஆர்கனுக்கு ஒன்று, மற்ற வாத்தியங்களுக்கு வேறொன்று. இன்றைய 440க்கு 415 சரியாக அரை ஸ்வரம் கீழே. அதற்கென்று அமைத்த ஹார்ப்சிகார்டில் கட்டைகளை ஓரிடம் நகர்த்தினால் இரண்டுக்கும் ஒத்துவரும். ஆக, 415 நம் காலத்து ஒப்பந்தம். 'அசல்' என்று சொல்லப்படுவது இருபதாம் நூற்றாண்டு நவீனத்துவத்தின் ருசிதான் என்று ரிச்சர்ட் டாருஸ்கின் வாதிட்டார். அக்கட்டுரைகள் 1995இல் நூலாயின.

நான் இன்னும் ஓரடி போக விரும்புகிறேன். 1724இல் லண்டனில் ஹெண்டலின் 'ஜூலியோ சேஸரே'யில் சீஸராகப் பாடிய செனெஸினோ ஒரு காஸ்ட்ராட்டோ. மகரக்கட்டு விழுமுன்பே சிறுவர்களைக் காயடித்து உருவாக்கிய குரல் அது. தேவாலயத்தில் பெண் பாடக் கூடாது என்ற தடை இந்த வழக்கத்துக்குத் தீனி போட்டது. ஸிஸ்டைன் தேவாலயப் பாடகர் மொரெஸ்கி 1902லும் 1904லும் பாடிய இசைத்தட்டுகளைக் கேட்டிருக்கிறேன். அவர் 1922இல் இறந்தார். அந்தக் குரல் வேறு எங்கும் தனிப்பாடலாகப் பதிவாகவில்லை.

ஆட்டுக்குடலை மீட்ட வரலாற்றுணர்வு சிறுவனின் உடலை மீட்கவில்லை. மீட்கவும் கூடாது. யாருக்கு வேணும் அந்த அசல்?

இன்று சீஸரைக் கவுன்டர் டெனரோ பெண்ணோ பாடுகிறார்கள். பெண் பாடுவதைச் சமரசம் என்பவர்களுக்கு ஒன்று சொல்லணும்: அதே 1724 மேடையில் செஸ்டோ என்ற இளைஞனாகப் பாடியவர் துரஸ்தாந்தி என்ற பெண். வரலாற்றுக்குள்ளேயே மாற்று இருந்திருக்கிறது.

எதை மீட்டோம் என்பதோடு எதை மீட்க மறுத்தோம், ஏன் மறுத்தோம் என்பதும் இப்படிப்பின் மையத்தில் இருக்க வேண்டும். அந்த மறுப்பை மறைத்துவிட்டு 'அசல்' என்று லேபிள் ஒட்டினால், மிஞ்சுவது வெறும் கடைச்சரக்கு.