ஏரி மறைந்தது, கால்வாய் எஞ்சியது

கடற்கரையைக் காக்க அரசு செலவிடும் பணத்தைப் பற்றித் தியாகராய நகரில் வாழும் நாம் ஏன் பேச வேண்டும் என்று சிலர் வினவலாம். மெரினா இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அலையோசை நம் செவிக்கு எட்டுவதில்லை. ஆயினும் நம் தெருக்களின் நீர் நாள்தோறும் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

இந்நகர் ஓர் ஏரியின் மடியில் எழுந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த பேரேரி 1920களில் தூர்க்கப்பட்டு மனைகளாயிற்று. புதிய குடியிருப்பு, 1925இல் மறைந்த நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியது. ஏரி மறைந்தது, மாம்பலம் கால்வாய் எஞ்சியது. மழைநீருக்கென இருந்த அக்கால்வாய் இன்று நம் கழிவையும் சுமந்து அடையாற்றில் கலக்கிறது. அடையாறோ சாந்தோமுக்குத் தெற்கே, சீனிவாசபுரம் மீனவர் குடியிருப்பின் அருகே கடலைச் சேர்கிறது. நாம் கழித்த நீர் அவர்கள் வாசலில் வந்து நிற்கிறது.

தீங்கு ஓரிடத்தில் பிறந்து வேறோரிடத்தில் வெளிப்படுவது சென்னைக் கடலோரத்திற்குப் புதிதன்று. 1875இல் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அதன் கற்சுவர்கள் மறித்தன. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் அங்கே உலாச்சாலை அமைத்தார். வடக்கே இராயபுரம் முதலாகக் கரை அரிக்கப்பட்டது. அங்கே கல் கொட்டும் செலவு இன்றும் அரசின் தலையில்தான் விழுகிறது.

1991இல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. உச்ச அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலம் அதன் காவலுக்குள் வந்தது. நல்ல சட்டந்தான். ஆனால் கடலை அழுக்காக்கும் நம் வீடுகள் அக்கோட்டுக்கு வெகு அப்பால் உள்ளன.

இவ்வுண்மையை அரசு அறியாமலில்லை. 2000இல் சென்னை நகர ஆறுகளைக் காக்க நடுவணரசு ஏறத்தாழ 491 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. கழிவுநீர்க் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் அதன் முதன்மைப் பணிகள். கண்ணுக்குத் தெரியாத குழாயில் போடும் பணமே கடலைக் காக்கும் பணம் என்பது நம் எண்ணம். உலாச்சாலைக்குத் திறப்புவிழா உண்டு; குழாய்க்கு யார் மாலையிடுவார்? 2023-24 நிதிநிலை அறிக்கையில், உலக வங்கியின் துணையுடன் ஐந்தாண்டுகளில் 2,000 கோடியில் நெய்தல் மீட்சி இயக்கம் அறிவிக்கப்பட்டது. கடல் மாசைக் குறைப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. அதில் எவ்வளவு மணலுக்கு, எவ்வளவு கால்வாய்க்கு என்று கேட்கும் கடமை, கரையில் வாழ்வோரைவிட நமக்கே மிகுதி.

மழை ஓய்ந்தபின் முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துக்கொள்ளும். அதன் பின்னே கறுத்த நீர் தேங்கும். இயந்திரங்கள் வந்து மணலை அள்ளிப் போடும். சில வாரங்களில் அலை மீண்டும் மணலைக் கொணர்ந்து நிரப்பிவிடும்.