நெடுந்தொலைவுக் குதிரையோட்டத்தில் மூத்த குதிரை

நெடுந்தொலைவுக் குதிரையோட்டம் என்பது காட்டுப்பாதை, மலைப்பாதைகளில் பெரும்பாலும் 80 முதல் 160 கிலோமீட்டர் வரை ஒரே நாளில் கடக்கும் போட்டி. 1955இல் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் வெண்டல் ரோபி தொடங்கிய 100 மைல் ஓட்டமே பின்னர் டெவிஸ் கோப்பை எனப் புகழ்பெற்றது. 1972இல் உருவான அமெரிக்க நெடுந்தொலைவு ஓட்டக் கழகத்தின் விதிப்படி 50 மைல் ஓட்டத்துக்குக் குதிரை 5 வயது நிறைந்திருக்க வேண்டும். வயதுக்கு மேல்வரம்பு இல்லாததால், 12 அல்லது 15 வயதைக் கடந்த குதிரையும் புதிதாக இறங்கலாம்.

மூத்த குதிரைக்கு எலும்பு வளர்ச்சி முடிந்திருக்கும். சவாரியில் பழகியதாக இருந்தால் புதிய பாதையில் எளிதில் மிரளாது. அதே சமயம் மூட்டுத் தேய்மானம், தேய்ந்த பற்கள், பழைய தசைநாண் காயம் ஆகியவை மறைந்திருக்கலாம். கோடையிலும் உதிராத நீண்ட உரோமம் பிட்யூட்டரிச் சுரப்பிக் கோளாறின் அறிகுறி. ஆகவே பயிற்சிக்கு முன் கால்நடை மருத்துவர் கால், குளம்பு, இதயம், பல் அனைத்தையும் சோதிக்க வேண்டும். வலிநிவாரணி இருந்தால்தான் நொண்டாமல் நடக்கும் குதிரை போட்டிக்கு ஏற்றதன்று. போட்டியில் அம்மருந்துகளுக்குத் தடையும் உண்டு.

பயிற்சியில் இதயமும் தசையும் சில மாதங்களிலேயே தேறிவிடும். தசைநாணும் எலும்பும் உறுதிப்பட ஓராண்டுக்கு மேலாகும். மூச்சு வாங்காமல் ஓடுகிறதே என்று வேகத்தைக் கூட்டும்போதுதான் கால்கள் பழுதாகின்றன. முதல் வாரங்களில் நடை மட்டுமே போதும். பிறகு சமதரையில் சிறிது சிறிதாகத் துள்ளுநடை சேர்க்கலாம். தொலைவு, வேகம், மேடு ஆகிய மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றையே கூட்ட வேண்டும். கடும் பயிற்சிக்குப் பின் ஓய்வு கட்டாயம். முதுமையில் உடல்வெப்பம் விரைவாக ஏறுவதால், வெயிலில் அடிக்கடி நீர் ஊற்றிக் குளிர்விப்பதும் வியர்வையில் இழக்கும் உப்புகளை ஈடுசெய்வதும் அவசியம்.

தேர்ச்சியைக் காட்டுவது நாடித்துடிப்பு. ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும் துடிப்பு, உழைப்பில் பலமடங்கு உயரும். அது எவ்வளவு விரைவில் தணிகிறது என்பதை ஒவ்வொரு பயிற்சியிலும் குறித்துவைக்க வேண்டும். போட்டியில் மருத்துவர் குதிரையின் ஈறுகளை விரலால் அழுத்தி எடுப்பார். வெளுத்த இடம் ஏறத்தாழ இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவந்தால் இரத்த ஓட்டம் சீராக உள்ளது. குடல் ஓசையும் தோலின் நீர்ச்சத்தும் பார்க்கப்படும். கயிற்றைப் பிடித்துத் துள்ளுநடையில் ஓடவிடும்போது நொண்டல் தெரிந்தால் குதிரை அத்துடன் விலக்கப்படும்.

முதல் போட்டிக்கு 25 மைல் குறுந்தொலைவுப் பிரிவே பொருத்தமானது. இதற்கு ஆறு மணி நேரம் அளிக்கப்படும். ஓடி முடித்த 30 நிமிடங்களுக்குள் நாடித்துடிப்பு 60க்கு இறங்க வேண்டும். முடிப்பதே வெற்றி என்பது இவ்விளையாட்டின் கொள்கை. எனவே முந்துவதை விட்டு, குதிரைக்குப் பழகிய வேகத்தில் செல்வதே சரி. போட்டிக்குப் பின் சில நாட்கள் கால் வீக்கம், சூடு, தீனி எடுப்பது, சேணம் பட்ட முதுகு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய சில ஓட்டங்களைக் குறையின்றி முடித்த குதிரையையே 50 மைலுக்குக் கொண்டு செல்லலாம். மூட்டு இடங்கொடாத குதிரை 25 மைல் பிரிவிலேயே பல ஆண்டுகள் நலமாக ஓட முடியும்.