4294967297

4294967297 (429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297) பத்து இலக்க ஒற்றைப்படை முழு எண். 2³² உடன் 1 கூட்டினால் கிடைப்பது. இரும முறையில் இரு முனையிலும் 1, நடுவில் 31 சுழிகள். சுழியிலிருந்து எண்ணும் வழக்கப்படி இது ஐந்தாம் ஃபெர்மா எண். பகா எண் அல்லாத முதல் ஃபெர்மா எண்ணும் இதுவே.

2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் 1 கூட்டினால் வருபவை (ஃபெர்மா எண்கள்) எல்லாம் பகா எண்களே என்று பியேர் டி ஃபெர்மா 1640-இல் கணிதவியலாளர் ஃப்ரெனிக்ளுக்கு எழுதினார். 3, 5, 17, 257, 65537 என முதல் ஐந்தும் அவர் சொன்னபடியே அமைகின்றன. நிறுவல் தம் கைவசம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. எனவே இது ஊகமே, தேற்றம் அன்று. 1729 டிசம்பரில் கணிதவியலாளர் கோல்ட்பாக் கடிதம் எழுதிக் கேட்ட பிறகுதான் லியோனார்டு ஆய்லரின் கவனம் இதில் திரும்பியது. 1732-இல், தம் 25-ஆம் வயதில், அடுத்த எண்ணான 4294967297 மீதியின்றி 641-ஆல் வகுபடும் என்று பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்துக்கு அவர் அறிவித்தார். ஈவு 6700417, இரண்டுமே பகா எண்கள்.

641-ஐக் குருட்டாம்போக்கில் தேட வேண்டியதில்லை. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவாயினும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்று ஆய்லர் பின்னாளில் நிறுவினார். அவ்வாறான பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடங்குகின்றன. ஐந்தாவது முயற்சியிலேயே விடை. 1878-இல் கணிதவியலாளர் லூக்கா அந்த நிபந்தனையில் 64-ஐ 128 ஆக்கியதும், 641 வரை 257, 641 இரண்டே எஞ்சின. எந்த இரு ஃபெர்மா எண்ணுக்கும் பொதுக் காரணி கிடையாது என்பதால் ஃபெர்மா எண்ணான 257-உம் கழிந்துவிடும்.

வகுத்துப் பார்க்காமலும் இதைக் காட்டலாம். 641 என்பது 5 × 2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴. முதல் வடிவத்தால், 5 × 2⁷-இன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸ என்பதை 641-ஆல் வகுத்தால் மீதி 1. இரண்டாம் வடிவத்தால் 5⁴ இருக்குமிடத்தில் −2⁴ இடலாம். இட்டால் −2³²-க்கும் மீதி 1. அதாவது 2³² + 1 சரியாக வகுபடும்.

இந்த எண்ணை 65536² + 1² என்றும் 62264² + 20449² என்றும் இருவிதமாக எழுத முடியும். ஒரு பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக ஒரு விதத்துக்கு மேல் எழுத இயலாது. ஆகவே இது பகு எண் என்பதற்கு இதுவும் தனி நிறுவல். ஃபெர்மாவின் சிறு தேற்றத்தை 2-ஐக் கொண்டு இதில் சோதித்தால் பகா எண் போலவே தேறிவிடும், 3-ஐக் கொண்டு சோதித்தால் சிக்கிக்கொள்ளும். அத்தேற்றத்தையும் ஃபெர்மா அதே 1640-இல்தான் எழுதினார் என்பது விந்தை.

முந்தைய ஐந்து ஃபெர்மா எண்களின் பெருக்கற்பலன் 4294967295, இதைவிட 2 குறைவு. அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையத்தக்கதென அறியப்பட்ட ஒற்றைப்படைப் பக்க ஒழுங்குப் பல்கோணங்களில் மிகப் பெரியது 4294967295 பக்கமுடையது. 641 பகா எண்ணாயினும் ஃபெர்மா எண் அன்று; ஆகவே கணிதவியலாளர் காஸ் வகுத்த நிபந்தனைப்படி 641 பக்கமுள்ளதை அவ்வாறு வரைய வழியில்லை.

ஐந்தாவது முதல் 32-ஆவது வரையுள்ள ஃபெர்மா எண்கள் யாவும் பகு எண்களே. 33-ஆவதன் நிலை இன்னும் தெரியவில்லை.