விருப்ப மேற்கோளும் ஒருபக்கப் பிழையும்: சிஎஸ்வி எழுதுகையில் எழுத்துத் தேடல்

சிஎஸ்வி கோப்பை எழுதும் நிரல் ஒவ்வொரு புலத்தையும் மேற்கோள் குறிகளுக்குள் இட வேண்டுமா என்று முடிவு செய்தாக வேண்டும். காற்புள்ளி, இரட்டை மேற்கோள் குறி, வரிமுறிவு எழுத்துகளான சிஆர், எல்எஃப் ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் இட வேண்டும். இந்த நான்கையும் விரைவான நூலகச் செயற்கூறுகளால் தனித்தனியே தேடுவதே சிறந்தது என்பது பரவலான கருத்து. ஒன்று கிடைத்தவுடன் மற்ற தேடல்களைத் தவிர்க்கலாம் என்பது அதற்குத் துணைவாதம். இவ்வாதம் அரிதாக நேர்வதையே அளவுகோலாகக் கொள்கிறது. அட்டவணைத் தரவில் பெரும்பாலான புலங்களில் நான்கில் எதுவும் இராது. அப்போது நான்கு தேடல்களும் புலத்தின் இறுதிவரை ஓடியே தீரும். புலம் சிறிதானால் தேடலைவிடச் செயற்கூற்றை அழைக்கும் செலவே மிகும். பல எழுத்துகளை ஒருங்கே தேடும் செயற்கூறும் இதற்கு விடையாகாது: குனு சி நூலகத்தில் அதன் பொது வடிவம் ஒவ்வோர் அழைப்பிலும் 256 பைட்டு அட்டவணையைப் புதிதாக நிரப்புகிறது.

சிக்கலின் வேர், சிஎஸ்வி வடிவத்தை விவரிக்கும் ஆர்எஃப்சி 4180-ஐ வாசிக்கும் முறையில் உள்ளது. 2005 அக்டோபரில் வெளியான இந்த ஆவணத்தின் ஐந்தாம் விதி, புலத்தை மேற்கோளுக்குள் இடலாம், இடாமலும் விடலாம் என்கிறது. வரிமுறிவோ மேற்கோள் குறியோ காற்புள்ளியோ உள்ள புலத்தை மேற்கோளுக்குள் இட வேண்டும் என்பது ஆறாம் விதி. வழக்கமான வாசிப்பு ஆறாம் விதியை மட்டுமே தேடலின் இலக்கணமாகக் கொண்டு, ஐந்தாம் விதியை எழுதுவோரின் நடைத்தேர்வு என ஒதுக்கிவிடுகிறது. வரிமுறிவு என்பதற்குச் சிஆர்-எல்எஃப் இணையையே ஆவணம் சுட்டுவதால் தனி எல்எஃப்-ஐத் தேட வேண்டியதில்லை என்று கருதுவோரும் உண்டு. ஆவணத்தின் முறைசார் இலக்கணம் அதற்கு இடம் தரவில்லை. மேற்கோளற்ற புலத்தில் அது அனுமதிக்கும் எண்மதிப்புகள் 32–33, 35–43, 45–126 மட்டுமே. எல்எஃப்-இன் 10-ம் சிஆர்-இன் 13-ம் தனித்தனியாகவே விலக்கப்பட்டுள்ளன.

இரு விதிகளையும் சேர்த்து வாசித்தால் தேடலின் தன்மையே மாறுகிறது. தேவையான மேற்கோளை விட்டுவிட்டால் தரவு சிதையும். தேவையற்ற மேற்கோளை இட்டால் இரண்டு பைட்டுகள் கூடும், அவ்வளவே. ஆகவே தேடல் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. ஒருபக்கம் மட்டுமே பிழைக்கலாம் என்ற உறுதி போதும். ஐந்தாம் விதி தரும் இந்தச் சலுகையைத் தேடலுக்குப் பயன்படுத்தலாம் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாசிப்பு.

நான்கு எழுத்துகளின் மதிப்புகள் 10, 13, 34, 44. எனவே '45-க்குக் குறைந்த பைட்டு உண்டா?' என்ற ஒரே கேள்வி நான்கையும் அடக்கிவிடும். கழித்தல் குறி 45, புள்ளி 46, இலக்கங்கள் 48–57, முக்காற்புள்ளி 58. ஆங்கில எழுத்துகள் 65-இல் தொடங்குகின்றன. ஆகவே முழு எண்கள், பதின்ம எண்கள், 2024-05-01 போன்ற தேதிகள், ஒற்றைச் சொற்கள் எல்லாம் முதல் வடிகட்டலிலேயே கடந்துவிடும். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள். அவை அனைத்தும் 128-ஓ அதற்கு மேலோ என்பதால் தமிழ்ச் சொற்களும் தடைபடா. 64 பிட்டுச் சொல்லில் எட்டு பைட்டுகளை ஏற்றி, பைட்டுக்கு 45 வீதம் கழித்து, மூலத்தின் பிட்டுகளைத் தலைகீழாக்கியதோடும் ஒவ்வொரு பைட்டின் உச்சப் பிட்டோடும் 'அண்ட்' செய்தால், விடை சுழியா இல்லையா என்பதே தீர்ப்பு. கடைசியில் எஞ்சும் இடத்தைச் சுழியால் நிரப்பக் கூடாது. சுழியும் 45-க்குக் குறைந்ததே. பைட்டு பைட்டாக ஒப்பிடும்போது குறியற்ற வகை வேண்டும். குறியுள்ள வகையில் தமிழ் பைட்டுகள் எதிர்மமாகி வீணே சிக்கும்.

இடைவெளியின் மதிப்பு 32. அதனால் பல சொற்கள் கொண்ட உரை வடிகட்டலில் நிற்கும். அத்தகைய புலங்களுக்கு மட்டும், ஒருமுறை அமைத்து வைத்த 256 இட அட்டவணையால் துல்லியத் தேடல் நடத்தலாம். கோப்பு பெரிதாவதில் கவலையில்லையெனில் நேரடியாக மேற்கோளிடலாம். துல்லியத் தேடல் 'ஆம், இல்லை' என்பதோடு நின்றுவிடாமல் முதல் மேற்கோள் குறியின் இடத்தையும் தர வேண்டும். அப்போது அதுவரையுள்ள பகுதியை மறுபடி ஆராயாமல் அப்படியே படியெடுத்து, புலத்தினுள் வரும் மேற்கோள் குறிகளை இரட்டித்து எழுதுவதை அங்கிருந்து தொடங்கலாம்.

மிகை மேற்கோள் பொருளை மாற்றும் என்ற மறுப்பு எழலாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் இயல்பாக மேற்கோளற்ற வெற்றுப் புலத்தை 'நல்' என்றும், மேற்கோளிட்டதை வெற்றுச் சரம் என்றும் கொள்கிறது. வெற்றுப் புலத்தில் பைட்டே இல்லாததால் வடிகட்டி அதைத் தொடுவதில்லை. மறுப்பு இங்கு பொருந்தாது. பிரிப்பான் அரைப்புள்ளியாகவோ (59) செங்குத்துக் கோடாகவோ (124) இருப்பதுதான் மெய்யான வரம்பு. பதின்மக் குறியாகக் காற்புள்ளியை வழங்கும் ஐரோப்பிய நாடுகளில் அரைப்புள்ளி இயல்பு. அங்கு 45 என்ற எல்லை பயன்படாது. அட்டவணைத் தேடலே முதற்கட்டமாகும். தத்தல் பிரிப்பானாக இருந்தால், அதன் மதிப்பு 9 என்பதால், முறை மாற்றமின்றிப் பொருந்தும்.