அரண்மனையினின்று இல்லம் புகுந்த சீனக் குறிமுறை

வருவதை முன்னரே அறிய விழையும் வேட்கை மக்கட் குலம் முழுவதற்கும் பொதுவானது. எனினும், அவ்வேட்கையிற் பிறந்த குறிமுறைகளுள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எழுத்துச் சான்று உடையவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று சீனரின் குறிமுறை. மூன்று நாணயங்களைக் கையிற் குலுக்கி மேசைமீது எறிந்து பார்க்கும் எளிய வீட்டு வழக்கமாகவே பலர் அதனை இன்று அறிவர். அரசனுக்கே உரியதாய் இருந்த அம்முறை குடும்பத்தார் இல்லத்தை அடைந்தது எவ்வாறு என்பதையும், அம்மாற்றத்தாற் குறி கேட்போன்மீது சுமந்த பொறுப்பு யாது என்பதையும் ஈண்டு நோக்குவாம்.

சீனக் குறிமுறையின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகள் ஷாங் அரசர் காலத்தன. 1899ஆம் ஆண்டில் வாங் ஈரோங் என்னும் அறிஞர், மருந்துக் கடைகளில் விற்கப்பட்ட பழைய எலும்புகளிற் காணப்பட்ட கீறல்கள் தொன்மையான எழுத்துக்களே என உணர்ந்தார். 1928இல் ஹெனான் மாகாணத்து அன்யாங் நகரின் அருகே அகழாய்வு தொடங்கிற்று. அங்குக் கிடைத்தவை ஆமையின் அடியோடுகளும் மாட்டின் தோள் எலும்புகளுமாம். அவற்றின் பின்புறத்திற் சிறு குழிகள் செதுக்கி, குழியிற் சூடேற்றுவர். முன்புறத்தில் வெடிப்புத் தோன்றும். வெடிப்பின் போக்கை நோக்கிப் பலன் கூறுவர். கேட்ட நாளும், கேட்ட வினாவும், சிலபோது பின்னர் நிகழ்ந்ததும் அவ்வெலும்பிலேயே பொறிக்கப்பட்டன.

கி. மு. 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட வூ திங் என்னும் அரசன், தன் தேவியருள் ஒருத்தியாகிய ஃபூ ஹாவின் மகப்பேறு குறித்துக் கேட்ட குறி ஒன்று கிடைத்துள்ளது. இன்னின்ன நாளிற் பிறப்பின் நலமாம் என அரசன் வெடிப்பை நோக்கி உரைத்தான். 31 நாள் கழிந்தபின், அவன் குறித்த நாட்களுள் அடங்காத வேறொரு நாளில் மகவு பிறந்தது. அது நலமன்று என்றும், பிறந்தது பெண்மகவு என்றும் எழுத்தன் பதிந்து வைத்தான். இத்தேவியின் கல்லறை கொள்ளையர் கைபடாமல் 1976இல் வெளிப்பட்டமை எலும்பெழுத்தின் உண்மையை மேலும் வலியுறுத்திற்று. ஈண்டு நாம் கருதவேண்டியது ஒன்று. குறி கேட்கும் வினைஞர் பலர் இருந்தனராயினும், எலும்பெழுத்துக்களிற் பலன் உரைப்பவனாகப் பெரிதும் காணப்படுபவன் அரசனே. குறியின் பொருளை முடிவு செய்தல் ஆட்சியுரிமையின் ஒரு கூறாய் இருந்தது.

ஷாங் அரசு வீழ்ந்து சௌ அரசு எழுந்த பின்னர், ஒருவகை மூலிகைச் செடியின் உலர்ந்த தண்டுகளை எண்ணிப் பார்க்கும் முறை ஓங்கியது. அதற்குரிய நூலே ‘ஈ சிங்’ எனப்படும் மாற்றங்களின் நூல். முழுக்கோடு, இடைமுறிந்த கோடு என்னும் இரண்டையும் ஆறு நிலைகளில் அடுக்கினால் 64 வடிவங்கள் தோன்றும். ஒவ்வொரு வடிவுக்கும் ஒரு பெயரும் பொதுப் பலனும், அதன் ஆறு கோடுகளுக்கும் தனித்தனி வாசகமும் அந்நூலில் உள.

நூல் ஒன்று வந்தமையால், பலன் உரைப்பது அரசன் வாக்கினின்று நீங்கி எழுத்தின் பாற்பட்டது. எழுத்தைக் கற்றோர் எவரும் அதன் பொருளை வினவலாயினர். ‘சுவோ சுவான்’ என்னும் பழைய வரலாற்று நூல் கி. மு. 564ஆம் ஆண்டின் கீழ் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றது. லூ நாட்டு அரசமாதா மூ சியாங், ஆட்சிக்கு எதிரான சூழ்ச்சியிற் பங்குகொண்டமையால் ஒரு மாளிகையில் அடைக்கப்பட்டிருந்தாள். அவள் மாளிகை புகுந்த காலத்துத் தண்டுகளை எண்ணியபோது ‘பின்தொடர்தல்’ எனப் பொருள்படும் வடிவம் கிடைத்தது. விரைவில் வெளியேறுவீர் எனக் குறிவல்லான் கூறினான். அவளோ அதனை ஏற்கவில்லை. அந்நற்பலன் நல்லொழுக்கம் உடையார்க்கே உரியது. தீங்கு செய்த தனக்கு அது பொருந்தாது என்றாள். அம்மாளிகையிலேயே அவள் இறந்தாள். குறி நல்லதாயினும் கேட்பவர் தகுதியற்றவராயின் பலன் இல்லை என்னும் கருத்து அக்காலத்திலேயே வேரூன்றியிருந்தமை இதனாற் புலனாகும்.

கி. மு. 213இல் சின் பேரரசன் நூல்களை எரிக்க ஆணையிட்டபோது, மருத்துவம், குறி, வேளாண்மை ஆகியவை பற்றிய நூல்கள் விலக்குப் பெற்றன. கி. மு. 136இல் ஹான் பேரரசன் வூ, ஐந்து முதனூல்களுக்கும் அரச ஆசிரியர்களை அமைத்தான். அவ்வைந்தனுள் ஈ சிங்கும் ஒன்று. அதுமுதல் அது மெய்ப்பொருள் நூலாகவும் பயிலப்பட்டது. சுங் அரசர் காலத்துச் செங் ஈ (1033-1107) அதனை ஒழுக்க நூலாகவே விரித்துரைத்தார். ஆனால் அவரைப் பெரிதும் போற்றிய சூ ஷி (1130-1200) இதில் வேறுபட்டார். அந்நூல் முதற்கண் குறி கேட்பதற்கே எழுந்தது என்றும், அதனை மறந்தால் வாசகங்களின் பொருள் விளங்காது என்றும் அவர் கொண்டார்.

அக்கொள்கைக்கு ஏற்ப, இல்லத்திலேயே குறி கேட்கும் நெறியை அவர் வகுத்துத் தந்தார். தூய இடம் ஒன்றைத் தெரிந்து, தெற்கே வாயில் அமைந்த அறை ஆக்குதல் வேண்டும். அதன் நடுவே ஐந்து சீன அடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள மேசையைச் சுவரை ஒட்டாது இடுதல் வேண்டும். ஐம்பது தண்டுகளைப் பட்டிற் சுற்றி, கரும்பையில் இட்டு, பெட்டியில் வைத்தல் வேண்டும். கேட்பவர் தூய உடை உடுத்து, வடக்கு நோக்கி, கை கழுவி, நறும்புகை இட்டு வணங்கித் தம் பெயரையும் ஐயுற்ற காரியத்தையும் வெளிப்படச் சொல்லுதல் வேண்டும்.

ஐம்பதில் ஒரு தண்டு விலக்கப்படும். எஞ்சிய 49ஐ எண்ணாது இரு கூறாகப் பிரிப்பர். வலக்கூற்றில் ஒன்றை எடுத்து இடக்கையின் சிறுவிரலிடையே செருகுவர். பின் ஒவ்வொரு கூற்றையும் நான்கு நான்காக எண்ணி, மிஞ்சியவற்றை விரலிடைகளில் வைப்பர்; மிச்சமின்றி முடியின் இறுதி நான்கையும் மிச்சமாகக் கொள்வர். இவ்வாறு விலகுவன 5 அல்லது 9 ஆகும். எஞ்சியவற்றைச் சேர்த்து மேலும் இருமுறை இவ்வாறே செய்ய, ஒவ்வொரு முறையும் 4 அல்லது 8 விலகும். முடிவில் நிற்பவை 36, 32, 28, 24 என்பவற்றுள் ஒன்று. நான்கால் வகுக்க 9, 8, 7, 6 வரும். ஒற்றை எண் முழுக்கோடு. இரட்டை எண் முறிந்த கோடு. 9உம் 6உம் தம் மறுதலையாக மாறுங் கோடுகள். கீழிருந்து மேலாக ஆறு கோடு பெறுவதற்குப் பதினெட்டு முறை பிரித்தல் வேண்டும்.

இத்துணை நேரம் செலவிட இயலாதார்க்கு மூன்று நாணயங்கள் உதவின. ஒரு பக்கத்துக்கு 3, மறு பக்கத்துக்கு 2 என மதிப்பிட்டு எறிந்தாற் கூட்டுத்தொகை 6 முதல் 9 வரை அமையும். ஆறு எறிதலில் வடிவம் முடியும். ஆயினும் இரு முறைகளும் ஒன்றல்ல. பதினாறு பங்கிற் கணக்கிட்டால், நாணய முறையில் 6, 7, 8, 9 என்பன முறையே 2, 6, 6, 2 பங்கு பெறும். தண்டு முறையில் ஏறத்தாழ 1, 5, 7, 3 பங்கு பெறும். முழுக்கோடும் முறிந்த கோடும் மாறும் வாய்ப்பு நாணயத்திற் சமம்; தண்டுகளில் முழுக்கோடே மும்மடங்கு எளிதில் மாறும். எளிமையை நாடியோர் இவ்வேறுபாட்டையும் உடன் ஏற்றுக்கொண்டனர்.

நெறி வகுத்த சூ ஷியே ஒருகால் அந்நெறிக்கு உட்பட்டார். 1195இல் அரசவையில் வலிமை பெற்ற ஹான் துவோசௌ, முதலமைச்சர் சாவ் ரூயூவைப் பதவியினின்று நீக்குவித்தான். அநீதியைக் கண்டித்துப் பேரரசனுக்கு நீண்டதொரு விண்ணப்பம் வரைந்தார் சூ ஷி. அதனால் ஆசிரியர்க்குத் தீங்கு நேருமென மாணாக்கர் அஞ்சித் தடுத்தனர், அவர் இணங்கவில்லை. சாய் யுவான்திங் என்பார் தண்டுகளாற் கேட்டு முடிவு செய்யுமாறு வேண்டினார். கிடைத்தது ‘ஒதுங்குதல்’ எனப் பொருள்படும் ‘துன்’ என்னும் வடிவம். சூ ஷி வாய் பேசாது விண்ணப்பத்தை எரித்துவிட்டார். ஒதுங்கிய முதியவன் எனப் பொருள்படும் பெயரையும் தமக்குச் சூட்டிக்கொண்டார்.

ஒதுங்கியமை அவரைக் காத்ததா எனின், முற்றும் காக்கவில்லை. அவர் கல்வி நெறி போலிக் கல்வி எனத் தடை செய்யப்பட்டது. சாய் யுவான்திங் நாடு கடத்தப்பட்டு 1198இல் இறந்தார். அத்தடை நீங்குமுன்னரே 1200இல் சூ ஷியும் மறைந்தார். அவர் விண்ணப்பம் எவ்வாறு அமைந்திருந்தது என்பதை நாம் அறியும் வாய்ப்பு அத்தீயோடு போயிற்று. எரித்தது அறிவுடைமையா, அன்றி உண்மையைக் கூறும் கடமையினின்று வழுவியதா என்னும் வினா இன்றும் நிற்கின்றது.

ஷாங் அரசன் அவையில் வெடிப்புக்குப் பொருள் உரைத்தவன் அரசன். அதற்குக் கீழ்ப்படிந்தோர் பிறர். இல்லத்திலோ எண்ணுபவரும், வாசகத்தைப் படிப்பவரும், அதன்படி ஒழுகுபவரும் ஒருவரே. ‘ஒதுங்குதல்’ என்னும் வடிவம் அரசியலை விட்டு விலகுமாறு பணித்தது எனக் கொண்டவர் சூ ஷியே. தாளைத் தீயிலிட்டதும் அவர் கையே. நற்குறியை மறுத்த மூ சியாங்கும், கிடைத்த குறிக்குப் பணிந்த சூ ஷியும் எதிரெதிர் வழிச் சென்றனராயினும், தம் செயலுக்குத் தாமே விடை கூற வேண்டியோராயினர். சீனரின் குறிநூலை வரலாறாகப் பயிலும் மாணாக்கர், தண்டுகள் என்ன கூறின என்பதோடு அமையாது, கேட்டவர் அதன்பின் என்ன செய்தார் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.