பழைய மனையிற் புதிய விளக்கு

நல்லூரிற் பருத்தித்துறை வீதியோரமாக நிற்கும் மந்திரி மனையை அறியாத யாழ்ப்பாணத்தார் மிகச் சிலரே. 1619 இல் வீழ்ந்த யாழ்ப்பாண அரசின் மந்திரி ஒருவர் உறைந்த இடம் அது என்பது ஊர் வழக்கு. கட்டடத்தின் அமைப்போ பின்வந்த ஐரோப்பியர் காலத்தைக் காட்டுகின்றது. ஆளில்லாத வீடு கறையானுக்கு வீடாகும். அத்தகைய மனையைப் பூட்டி வைத்துப் போற்றுவதா, புதிய தொழிலொன்றுக்குக் கொடுத்து வாழ வைப்பதா?

இவ்வினாவிற்குக் கொழும்புக் கோட்டை ஒரு விடை தந்துள்ளது. அங்குள்ள ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி 1681 ஆம் ஆண்டிலேயே இருந்த பழங்கட்டடம். கப்பலில் நோயுற்று வந்தோரைப் பேணுதற்காகத் துறைமுகத்திற்கு அண்மையில் அமைக்கப்பட்டது. ஒல்லாந்தர் கும்பனியின் வைத்தியராய் இலங்கைக்கு வந்து, இந்நாட்டு மூலிகைகளைத் திரட்டிய பவுல் ஹேர்மன் காலத்துக் கொழும்பு அது. அவர் திரட்டிய செடிகளைக் கொண்டே லின்னேயசு 1747 இல் இலங்கைத் தாவர நூலை வெளியிட்டார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பிற்காலத்தில் அக்கட்டடம் பொலிசு நிலையமாயிற்று. 1996 சனவரியில் மத்திய வங்கியைத் தகர்த்த குண்டு இதனையும் சிதைத்தது. பின்னர் செப்பனிடப்பெற்று 2011 திசெம்பரில் உணவுச்சாலைகளும் மதுச்சாலைகளும் கடைகளும் கொண்ட இடமாகத் திறக்கப்பட்டது. நோயாளர் முனகிய கூடங்களில் இன்று கிண்ணங்கள் ஒலிக்கின்றன. இதனை வெறுப்போர் உளர், அவ்வெறுப்பு நியாயமற்றதன்று. எனினும், கூரை நிற்கின்றது. (யாழ்ப்பாணத்தார் வழங்கும் 'தவறணை' என்னும் சொல்லே போர்த்துக்கீசர் விட்டுச் சென்றதுதான்.)

ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் தடித்த சுவர்கள், பாரிய தேக்கு வளைகள், இரண்டு முற்றங்கள்: இவையே அதன் செல்வம். குளிர்ச்சியும் காற்றோட்டமும் நாடிக் கட்டப்பட்டமையால், பகலொளி முற்றத்தில் விழுந்து, விறாந்தையிற் தணிந்து, பின்னரே உள்ளே புகும். நம் நாற்சார் வீட்டை அறிந்தவர்க்கு இது புதுமையன்று.

இரவில்தான் இடர் தொடங்குகின்றது. இத்தகைய கூடத்தின் நடுவே வெண்குழல் விளக்கைத் தொங்கவிட்டால், வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசச் செய்யும். வளைகளோ இருளில் மறைந்துபோம். அறிந்த தச்சன், சுவரின் தலைப்பில் விளக்கை மறைத்து ஒளியை மேல்நோக்கி எறிவான். ஓடும் மரமும் அதனை வாங்கி மென்மையாகத் திருப்பித் தரும். மேசைமேல் எண்ணெய்ச் சுடரின் நிறமுடைய சிறு விளக்கொன்று போதும். மின்கம்பிக்காகச் சுண்ணச் சாந்தைக் கொத்துதல் ஆகாது. கொத்திய இடத்தைச் சீமெந்தால் அடைத்தால் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்துச் சாந்து உதிரும். பரிமாறும் பலகையும் சுவரிற் பொருந்தாது தன் காலில் நிற்றல் வேண்டும். நாளை வேறொருவர் வந்தால் தழும்பின்றி அகற்றலாம்.

பழஞ்சின்னங்களைப் பயன்படுத்துதல் அவற்றைக் காக்க உதவும், ஆயின் அமைப்பை மாற்றலாகாது என்று 1964 இல் வெனிசு நகரிற் கூடிய அறிஞர்கள் வரையறுத்தனர். மந்திரி மனையின் மரவேலைக்கும் அதே விதிதான். கந்தசுவாமி கோயிலுள்ள ஊரில் மதுச்சாலையை எவரும் வேண்டார். ஒரு வாசிகசாலைக்கோ பழம்பொருட் கூடத்திற்கோ அங்கு இடமுண்டு. அங்கும் விளக்கைச் சுவரின் தலைப்பில் மறைத்தே வைத்தல் வேண்டும்.